அயலூர்களில் ஒரு காஜி: இப்னு பதூதா



இப்னு பதூதா என்னும் பெயரை அறியாதவர் நம்மில் மிகச் சிலரே. உலகம் சுற்றிய பயணி என்று பள்ளிப் பாடநூலில் படித்திருக்கிறோம். முகம்மது பின் துக்ளக் காலத்தில் இந்தியா வந்தவர் யார் என்னும் கேள்விக்கு அவர் பெயரை எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆயினும் அவர் ஊர் பார்க்கப் புறப்பட்டவர் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. தொழிலால் அவர் காஜி. மொழி தெரியாத நாட்டில், வழக்கம் புரியாத மக்களிடையே, இது ஆகும், இது ஆகாது என்று தீர்ப்புச் சொல்லவேண்டிய இடத்தில் அவர் பலமுறை நின்றிருக்கிறார். அத்தீர்ப்புகளில் சில நன்றாக அமைந்தன, சில அமையவில்லை. இரண்டையும் அவரே ஒளிக்காமல் சொல்லி வைத்திருக்கிறார். அந்தக் கண்ணோட்டத்தில் அவர்தம் வாழ்வை எழுதியோர் நம் மொழியில் அதிகமில்லை என்பதால் இவ்வாண்டு மலருக்கு அதனை எடுத்துக்கொண்டோம்.

மொராக்கோ நாட்டுத் தன்ஜா நகரில் ஹிஜ்ரி 703, அதாவது கி.பி. 1304-இல், பெர்பர் இனத்தைச் சேர்ந்த லவாத்தா குலத்தில் அவர் பிறந்தார். காஜிகள் பலரைத் தந்த குடும்பம் அது. மாலிக்கி மத்ஹபின் சட்டங்களைக் கற்றுத் தேர்ந்த பின், 1325-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தம் இருபத்தோராம் வயதில், தாய் தந்தையரிடம் விடைபெற்று ஹஜ்ஜை நாடித் தனியாகப் புறப்பட்டார். பெற்றோர் இருவரையும் அதற்குப் பிறகு அவர் உயிருடன் காணவில்லை. வழியில் தூனிஸ் நகரை அடைந்தபோது அவ்வூரார் வந்தவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லி வரவேற்றனர். அறிமுகம் இல்லாத இவரிடம் மட்டும் எவரும் வரவில்லை. இளைஞர் கண்ணீர் விட்டு அழுதார். உடன் வந்த ஹாஜி ஒருவர் நிலையறிந்து பக்கத்தில் வந்து ஸலாம் சொல்லிப் பேச்சுக் கொடுத்து ஆற்றினார். அந்த ஹாஜியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்தும் இப்னு பதூதா அதனை மறக்கவில்லை. அந்நியனாக நிற்பது எத்தகையது என்பதை அவர் முதலில் உணர்ந்த இடம் அதுவே. அதே தூனிஸிலிருந்து புறப்பட்ட ஹஜ் கூட்டத்திற்கு அவரையே காஜியாக நியமித்தனர் என்பதையும் சொல்லவேண்டும்.

1326-இல் முதல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். அதன்பின் இராக், பாரசீகம், யமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் மக்தஷூ, கில்வா ஆகிய நகரங்கள் என்று அவர் சென்ற வழியெல்லாம் விவரிக்க இம்மலரில் இடமில்லை. இவ்வூர்களில் அரபி மொழியோ, அரபி கற்ற ஆலிம்களோ அவருக்குத் துணையிருந்தனர். உண்மையான சோதனை 1330-களின் தொடக்கத்தில், துருக்கியர் நாடாகிய அனடோலியாவில்தான் தொடங்கியது.

அங்கு லாதிக் என்ற நகரின் கடைவீதியில் அவரும் தோழர்களும் சென்றுகொண்டிருந்தபோது, கடைகளிலிருந்து இறங்கி வந்த சிலர் குதிரைகளின் கடிவாளங்களைப் பற்றிக்கொண்டனர். வேறு சிலர் ஓடி வந்து அவர்களுடன் வாதாடினர். வாய்ச்சண்டை முற்றிக் கத்திகளும் உருவப்பட்டன. என்ன பேசுகிறார்கள் என்று ஒரு சொல்லும் விளங்கவில்லை. அப்பகுதியில் கொள்ளைக் கூட்டம் ஒன்று நடமாடுவதாகக் கேள்விப்பட்டிருந்தமையால், அவர்களிடம் சிக்கிவிட்டோம் என்றே இவர்கள் நடுங்கினர். அவ்வேளையில் ஹஜ் செய்து அரபி அறிந்த ஒருவர் வந்தார். இப்னு பதூதா அவரிடம் விவரம் கேட்டார். இவ்விரு கூட்டத்தாரும் அகீ என்னும் சகோதர சங்கங்களைச் சேர்ந்தவர்கள் என்றும், வந்த விருந்தாளி தங்கள் மடத்திலேயே தங்கவேண்டும் என்று இரு சாராரும் போட்டியிடுகிறார்கள் என்றும் அவர் விளக்கினார். இறுதியில் சீட்டுக் குலுக்கி யார் வீட்டில் முதல் விருந்து என்று முடிவு செய்தனர். அந்த நேரத்தில் இவர்கள் பக்கத்தில் ஒருவர் வாளை உருவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உருவாமல் பொறுத்தார்கள், கேட்பதற்கு ஆள் கிடைத்ததும் கேட்டார்கள்.

சினோப் நகரில் நிலைமை தலைகீழானது. இம்முறை அவ்வூரார்தாம் இவரைத் தவறாக எண்ணினர். மாலிக்கிகள் தொழுகையில் கைகளைக் கட்டாமல் தொங்கவிடும் வழக்கம் உடையவர்கள். ஹனஃபிகளாகிய சினோப் மக்கள் மாலிக்கி மத்ஹபைக் கண்டதில்லை; கைகளைத் தொங்கவிட்டுத் தொழும் ராஃபிழிகளைப் பற்றி மட்டுமே அறிந்திருந்தனர். விளக்கம் சொல்லியும் ஐயம் தீரவில்லை. அவ்வூர் அதிகாரி ஒரு முயலை அனுப்பி, அதனை இவர் என்ன செய்கிறார் என்று பார்த்து வரும்படி ஊழியரையும் உடன் அனுப்பினார். ராஃபிழிகள் முயல் உண்பதில்லை. இவர் கோபிக்கவில்லை, வாதிடவும் இல்லை. முயலை அறுத்துச் சமைத்து உண்டார். ஊழியர் போய்ச் செய்தி சொல்ல, ஐயம் நீங்கி விருந்தோம்பல் தொடங்கியது. சொல்லால் தீராத ஐயத்தை அவ்வூராருக்கு விளங்கும் ஒரு செயலால் தீர்த்த இந்தப் பக்குவம் வியக்கத்தக்கது. ஷாஃபிஈக்களும் ஹனஃபிகளும் ஒரே ஸஃப்பில் நிற்கும் நம்மூர்ப் பள்ளிகளில் இதன் அருமை நன்கு விளங்கும்.

சிரிப்புக்குரிய நிகழ்ச்சி ஒன்றும் அந்நாட்டில் நடந்தது. சிற்றூர் ஒன்றில் அகீ மடத்தார் அரபி தெரிந்த ஆலிம் என்று ஒருவரை அழைத்து வந்தனர். அவருக்கோ அரபி பேச வராது. மானத்தைக் காத்துக்கொள்ள, வந்தவர்கள் பழைய அரபி பேசுகிறார்கள், தமக்குத் தெரிந்ததோ புதிய அரபி என்று பாரசீகத்தில் சொல்லிவிட்டார். பழைய அரபி என்றால் நபி (ஸல்) அவர்களும் ஸஹாபாக்களும் பேசிய மொழியாயிற்றே என்று ஊரார் இவர்களுக்கு முன்னிலும் மிகுதியான மரியாதை செய்தனர். இப்னு பதூதாவுக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. ஆனால் அச்சொற்களை அப்படியே நினைவில் இருத்திக்கொண்டு, பின்னாளில் பாரசீகம் கற்றதும் பொருளைக் கண்டுகொண்டார். விளங்காததை விளங்காததாகவே பத்திரப்படுத்தி வைக்கும் அக்குணம் அவருக்கு எல்லா நாளும் வாய்த்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

கிரிமியாவின் கஃபா துறைமுகத்தில் அது வாய்க்கவில்லை. ஜெனோவா நாட்டுக் கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊர் அது. பள்ளிவாசலில் தங்கியிருந்தபோது நாற்புறமும் மணியோசை எழுந்தது. அதுவரை கேட்டறியாத ஓசையால் திடுக்கிட்ட அவர், தோழர்களை மினாராவில் ஏறிக் குர்ஆன் ஓதி பாங்கு சொல்லச் சொன்னார். சற்று நேரத்தில் கவசமும் ஆயுதமும் தரித்த ஒருவர் ஓடி வந்தார். அவர் அவ்வூர் முஸ்லிம்களின் காஜி. ஓசையைக் கேட்டு, இவர்களுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சிப் பாதுகாக்க வந்திருந்தார். அந்த உள்ளூர்க் காஜியின் நிலையை எண்ணிப் பாருங்கள். வந்தவர் போய்விடுவார், அண்டை அயலாருடன் நாளைக்கும் வாழவேண்டியவர் அவர்.

1333-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிந்து நதிக்கரையை அடைந்து, தில்லி சென்று, முகம்மது பின் துக்ளக்கின் அவையில் இடம் பெற்றார். அந்த அரசவையின் வழக்கத்தை அவர் விரைவில் கற்றுக்கொண்டார். புதிதாக வருபவர் அரசருக்குக் காணிக்கை செலுத்தவேண்டும். அரசர் அதற்குப் பன்மடங்கு திருப்பித் தருவார். ஆகையால் வணிகர்கள் அக்காணிக்கைக்குரிய பொருளைக் கடனாகக் கொடுத்துப் பின்னர் வசூலித்துக்கொள்வார்கள். இவரும் அவ்வாறே செய்து, போகப் போகக் கடன் 55,000 தினார் வரை ஏறியது. வழக்கத்தைக் கற்றதோடு அதன் அளவையும் கற்றிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. அரசர் அவரைத் தில்லியின் காஜிகளுள் ஒருவராக ஆண்டுக்கு 12,000 தினார் ஊதியத்தில் நியமிக்க முன்வந்தபோது, தாம் மாலிக்கி, இங்குள்ளோர் ஹனஃபி, மொழியும் தெரியாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். நேர்மையான பதில். அரசர் உள்ளூர் அறிந்த இரு ஆலிம்களைத் துணைக் காஜிகளாகத் தந்து, அவர்கள் கலந்து பேசியபின் இவர் முடிவை உறுதி செய்யலாம் என்று ஏற்பாடு செய்தார். இக்காலத்து நிர்வாகத்தார்க்கும் இது நல்ல ஏற்பாடாகவே படும்.

1340-களின் தொடக்கத்தில் சீனப் பேரரசருக்குத் தூதராக அவர் அனுப்பப்பட்டார். கள்ளிக்கோட்டைக் கடலில் எழுந்த புயலில் தூதுப் பொருளை ஏற்றிய கப்பல் உடைந்தது. ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கியிருந்த அவர் பத்துத் தினாரும் ஒரு விரிப்பும் மட்டுமே மிஞ்சியவராக நின்றார். தில்லிக்குத் திரும்ப அஞ்சி, சிறிது காலம் மேற்குக் கரையில் அலைந்து, பின்னர் மாலத் தீவுகளுக்குக் கப்பலேறினார். அவர்தம் வாழ்வின் மிகப் பெரிய பாடம் அங்கேதான் காத்திருந்தது.

மாலத்தீவில் அந்நாளில் கதீஜா என்னும் பெண்மணி ஸுல்தானாவாக ஆட்சி செய்தார். அவருடைய கணவர் ஜமாலுத்தீன் வஸீராக இருந்து அலுவல்களை நடத்தினார். மக்கள் நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளாக முஸ்லிம்கள், மாலிக்கி மத்ஹபினர். தொழுகையும் தூய்மையும் உடையவர்கள், சண்டை அறியாதவர்கள். மீனும் தேங்காயும் அவர்கள் உணவு. சோழி அவர்கள் நாணயம். இவர் தில்லியில் காஜியாயிருந்தவர் என்பதை மறைத்துக்கொண்டே கரையிறங்கினார். தெரிந்தால் விடமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். ஆனால் யாரோ சொல்லிவிட்டார்கள். காஜிப் பதவியை ஏற்றார். அங்கேயே நான்கு மனைவியரை மணந்து, அரச குடும்பத்திற்கும் உறவினரானார்.

தம் மத்ஹபையே பின்பற்றும் மக்கள் என்றதும், இவ்வூர் தமக்குப் பழகிய ஊர்தான் என்று அவர் எண்ணிக்கொண்டார் போலும். முழுதும் அந்நியமான ஊரில் ஒருவன் எச்சரிக்கையாக இருப்பான். பாதி பழகியது போலத் தோன்றும் ஊரில்தான் சறுக்குவான். முன்பிருந்த காஜி வாரிசுச் சொத்தைப் பிரித்துக் கொடுப்பதற்குப் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டதை அவர் நிறுத்தினார். இது நல்ல தீர்ப்பு, ஏழைகளுக்குப் பயனுள்ளது. தலாக் பெற்ற பெண் மறுமணம் செய்யும்வரை முன்னாள் கணவன் வீட்டிலேயே தங்கும் வழக்கத்தையும் நிறுத்தினார். அப்படி வைத்திருந்த ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்களை அடித்துக் கடைவீதியில் ஊர்வலம் விட்டார். ஜும்ஆவுக்கு வராதவர்களுக்கும் அதே தண்டனை. பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடை அணியாத வழக்கத்தை மாற்ற முயன்றார். தம் நீதிமன்றத்திற்கு வருபவர்கள் உடுத்தி வந்தனரே தவிர, வாசலுக்கு வெளியே அவர் கட்டளை செல்லவில்லை. இதனை அவரே ஒப்புக்கொள்கிறார். திருடன் ஒருவனுடைய கையை வெட்ட ஆணையிட்டபோது அவையில் இருந்தோர் பலர் மயங்கி விழுந்தனர். அம்மக்களின் இயல்பு எத்தகையது என்பதை அந்தக் காட்சி ஒன்றே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சட்டம் அவர் பக்கம் இருந்தது என்று சொல்வாரும் நம்மில் இருக்கலாம். நாம் பேசுவது சட்டத்தைப் பற்றியன்று; அதனை நடைமுறைப்படுத்தும் விதத்தைப் பற்றி. தலைமுறைகளாக ஊன்றிய வழக்கத்தை ஓர் அந்நியர் சில மாதங்களுக்குள் சாட்டையால் மாற்ற முற்பட்டார். தில்லியில் இருந்தது போன்ற துணைக் காஜிகளின் ஆலோசனையை இங்கே அவர் நாடியதாகத் தெரியவில்லை. இறுதியில் அரண்மனை அடிமை ஒருவனின் விபச்சார வழக்கில் வஸீர் குறுக்கிட்டுப் பரிந்துரை செய்ய, இவர் அவனுக்குக் கடும் தண்டனை அளித்தார். வஸீர் சினந்தார். அவைக்குச் சென்ற இவர் வழக்கமான வணக்கம் செலுத்தாமல் ஸலாம் மட்டும் சொல்லி, தாம் பதவி விலகுவதற்கு அங்கிருந்தோரைச் சாட்சியாக்கினார். சிபாரிசுக்கு வளையாத அந்த உறுதியை நாம் மதிக்கிறோம். ஆனால் அதற்குப் பின் நடந்ததை மதிக்க இயலவில்லை. தீவை விட்டுப் புறப்படும்போதே, மறுகரையிலிருந்து படை கொண்டு வந்து தீவுகளைக் கைப்பற்ற உள்ளூர்ப் பிரமுகர் இருவருடன் அவர் இரகசிய உடன்பாடு செய்துகொண்டார்.

அந்த மறுகரை நம் தமிழ்க் கரை. மஅபர் என்று அரபிகள் அழைத்த நாட்டில் அப்போது மதுரையைத் தலைநகராகக் கொண்டு கியாஸுத்தீன் தாமகானி ஆண்டார். அவருடைய மனைவியும், இப்னு பதூதா தில்லியில் மணந்த மனைவி ஒருவரும் உடன்பிறந்தவர்கள். இலங்கைக்குச் சென்று, பாரசீகம் அறிந்த ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியுடன் பாவா ஆதம் மலையைக் கண்டபின், 1344 அளவில் நம் கரைக்கு வரும் வழியில் அவர் ஏறிய கப்பல் தரைதட்டி உடைந்தது. உள்ளூர் மக்கள் வந்து காப்பாற்றிக் கரை சேர்த்தனர். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர்.

அதே மக்களை அரசர் என்ன செய்தார் என்பதை அவர் தம் கண்ணால் கண்டார். பிடிபட்ட குடிமக்களையும் அவர்களுடைய மனைவி மக்களையும் கழுவேற்றிக் கொல்லும் காட்சி அது. தம் உறவினர், தம் மார்க்கத்தவர், தமக்குப் படையுதவி செய்ய இசைந்தவர் என்று பாராமல், வேறெந்த அரசரிடமும் தாம் கண்டிராத இழிசெயல் இது என்றும், இதனாலேயே அல்லாஹ் அவருடைய மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் அவர் பதிவு செய்தார். வழக்கம் எது, கொடுமை எது என்று பிரித்தறிய அவருக்கு அங்கே துபாஷி தேவைப்படவில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அரசரும் சில நாளில் இறந்தார். இப்னு பதூதாவுக்கும் கடும் காய்ச்சல் கண்டது. இந்நாட்டில் மலிந்து கிடந்த புளியை ஏறத்தாழ ஒரு ராத்தல் எடுத்து நீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு கழிந்து பிழைத்தெழுந்தார். மாலத்தீவுப் படையெடுப்பு நடவாமலே போயிற்று. அதற்காக நாம் வருந்தவில்லை.

பின்னர் ஒருமுறை அவர் மாலத்தீவுக்குத் திரும்பினார். அங்கே விட்டு வந்த மனைவியிடம் அவருக்குப் பிறந்த மகனுக்கு அப்போது இரண்டு வயது. பிள்ளையை அழைத்துச் செல்லவே வந்திருந்தார். குழந்தையைக் கொண்டு வந்து காட்டினார்கள். பார்த்தவர், அவன் அம்மக்களிடமே வளர்வது நல்லது என்று முடிவு செய்து, தாயாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அத்தீவில் அவர் செய்த தீர்ப்புகளுள் இதுவே சிறந்தது என்பது நம் கருத்து.

வங்காளம், சுமத்ரா வழியாகச் சீனம் சென்றதாக அவர் கூறுகிறார். அப்பகுதி விவரங்களை ஆய்வாளர் சிலர் ஐயுறுவதும் உண்டு. அந்நாட்டின் ஒழுங்கும் செல்வமும் வியப்பளித்தாலும், அவர் மனம் ஒட்டவில்லை; பெரும்பாலும் வீட்டினுள்ளேயே இருந்தார். தம் நாட்டுச் சப்தா நகரத்தார் ஒருவரை அங்கே எதிர்பாராமல் சந்தித்தபோது இருவரும் அழுதனர். பல்லாண்டுகள் தனிமையில் உழைத்தவர்க்கு அந்தக் கண்ணீர் தெரியும். 1348-இல் திரும்பும் வழியில் ஷாம் நாட்டைப் பெரும் கொள்ளைநோய் வாட்டியது. திமிஷ்கில் முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வேதங்களை ஏந்தி ஒன்றாக வீதியில் நடந்து இறைஞ்சியதை அவர் எழுதுகிறார். 1349-இல் மொராக்கோவை நெருங்கியபோது, தாயார் அதே நோயில் மறைந்த செய்தி வந்தது. தந்தையார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே வஃபாத்தாகியிருந்ததைத் திமிஷ்கிலேயே கேட்டறிந்திருந்தார்.

1352-இல் ஸஹாராவைக் கடந்து மாலி நாட்டுக்குச் சென்றது அவருடைய கடைசிப் பெரும் பயணம். வலாத்தா ஊரின் அதிகாரி, வணிகர்கள் எதிரிலேயே நின்றபோதும் அவர்களிடம் நேராகப் பேசாமல் துபாஷி மூலமே பேசினார். தங்களை இழிவாக எண்ணுகிறார் என்று கொதித்த இவர், வந்த வழியே திரும்பிவிட நினைத்தார். பெரியோர் வாய்வழி ஆள் வைத்துப் பேசுவது அந்நாட்டின் கண்ணிய முறை. மன்னர் மன்ஸா ஸுலைமானே தூகா என்பவர் மூலமே பேசினார். அக்காட்சியை இவரே பின்னர் விரிவாக வர்ணிக்கிறார். மன்னர் வரவேற்பு அனுப்பியதாக அறிந்து, பட்டாடையும் பொன்னும் என்று எழுந்து நின்றவர் முன் மூன்று ரொட்டியும், பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்றும், ஒரு சுரைக்குடுவைத் தயிரும் வைக்கப்பட்டன. அவர் சிரித்துவிட்டார். துக்ளக் அவையின் தராசைக் கொண்டு மாலியை நிறுத்தார் அல்லவா! பின்னர், உங்களைப் பற்றிப் பிற அரசர்களிடம் நான் என்ன சொல்வேன் என்ற கருத்தில் மன்னரிடமே முறையிட்டு, வீடும் படியும் பெற்றார்.

வலாத்தாவில் ஆண் பெண் நட்பை இழுக்காகக் கருதாத வழக்கம் இருந்தது. அவ்வூர் காஜி வீட்டிலேயே அவருக்குத் தோழியான பெண்ணைக் கண்டு இவர் திகைத்தார். இன்னொரு நண்பர் இல்லத்திலும் அவ்வாறே கண்டு, அதன்பின் பலமுறை அழைத்தும் அவ்வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எனினும் அதே ஊரில் வாரிசுரிமை மகனுக்கன்றிச் சகோதரி மகனுக்குச் செல்வதைக் கூர்ந்து நோக்கி, மலபாரில் தாம் கண்ட மருமக்கள் தாயத்துடன் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். உலகின் இரு கோடிகளை இப்படிச் சேர்த்துப் பார்க்க அன்று வேறு யாரால் முடிந்திருக்கும்?

தயிர்க் குடுவைக்குச் சிரித்தவர், அந்நாட்டை விட்டு வந்தபின் அதன் நன்மைகளைக் குறைக்காமல் எழுதினார். அநீதி அங்கே அரிது. பயணிக்கு வழியில் அச்சமில்லை. வடக்கிலிருந்து வந்த வணிகர் அங்கே இறந்தால் அவருடைய பொருள் எவ்வளவு மிகுதியாயினும் அரசர் தொடுவதில்லை. உரியவர் வரும்வரை நம்பிக்கையானவரிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை முந்திச் செல்லாதவர்க்குப் பள்ளியில் இடம் கிடைக்காது. அதற்காகவே சிறுவரிடம் முஸல்லாவைக் கொடுத்து முன்கூட்டி அனுப்பி இடம் பிடிப்பார்கள். ஒரே ஒரு பழஞ்சட்டை வைத்திருப்பவரும் அதனைத் துவைத்து உடுத்தியே ஜும்ஆவுக்கு வருவார்.

1354-இல் ஃபாஸ் நகருக்குத் திரும்பிய அவரை ஸுல்தான் அபூ இனான் கேட்டுக்கொள்ள, இப்னு ஜுஸைய் என்ற எழுத்தர் இவர் சொல்லச் சொல்ல எழுதினார். 1355 இறுதியில் நூல் முடிந்தது. ரிஹ்லா என்று அது வழங்குகிறது. கடந்த தொலைவு ஏறத்தாழ 1,17,000 கிலோமீட்டர் என்று கணக்கிடுவோர் உண்டு. அவர் சொன்னவற்றை அரசவையினர் பலர் நம்பவில்லை. இளைஞரான இப்னு கல்தூனும் ஐயுற்று வஸீரிடம் கேட்டபோது, தாம் காணாத காரணத்தால் ஒன்றை மறுக்கலாகாது என்று சொன்ன வஸீர் ஒரு கதையும் சொன்னார். சிறைக்குள்ளேயே வளர்ந்த சிறுவன் ஒருவன், ஆடு எப்படியிருக்கும் என்று தந்தை விவரித்ததைக் கேட்டு, அது எலியைப் போன்றதா என்று கேட்டானாம். அவன் கண்ட பிராணி அது ஒன்றுதான்.

அதன்பின் அவர் நெடும்பயணம் மேற்கொள்ளவில்லை. மொராக்கோவிலேயே ஓர் ஊரின் காஜியாகப் பணியாற்றி, 1368 அல்லது 1369-இல், ஹிஜ்ரி 770 அளவில், வஃபாத்தானார். அல்லாஹ் அன்னாருடைய பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக.